தொண்ணூறு ரூபாக் கணக்கு

ஆச்சி காலமாகி மூன்றாம் நாள் மரணப் பதிவுக்கு விபரம் கொடுக்கப் போயிருந்தேன். பெயர், பிறந்த ஆண்டு 1931, பிறந்த ஊர், தகப்பன் பெயர் எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். 'தொழில்?' என்று கேட்டார்கள். 'ஒன்றுமில்லை, வீட்டில்தான் இருந்தவ' என்றேன். அரை விநாடிகூட யோசிக்கவில்லை. பேனை அடுத்த வரிக்குப் போய்விட்டது. வெளியே வந்து காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோதும் எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை. உறுத்தல் எட்டுச்செலவன்றுதான் வந்தது. அன்றைக்கு வந்து ஒட்டிக்கொண்டது இன்னும் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் அன்றைக்குப் பார்த்து வேலை செய்யவில்லை. எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா, மகனுடைய தோளைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு ஆச்சியின் படத்துக்கு முன்னால் நின்றவர், 'எங்கட செக்கிரட்டரி அக்கா போயிட்டா' என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டார். ஆளை மாறி வந்துவிட்டாரோ என்று நினைத்து, 'அம்மா, ஆச்சி ஒரு இடமும் வேலை செய்யேல்லையே' என்றேன். அழுகையை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். 'பிள்ளை, முப்பத்தெட்டு வருஷம் அவதான் செக்கிரட்டரி. உனக்குத் தெரியாதோ?' என்றார். அந்தக் கேள்வியில் கோபம் இல்லை. நான் ஏதோ ஒன்றை இழந்துவிட்டதுபோல ஒரு இரக்கம்தான் இருந்தது.

ஆட்கள் போனபிறகு அம்மாவிடம் கேட்டேன். 'மாதர் சங்கம்தானே. ஊரில இருக்கேக்க' என்றார், பாத்திரம் கழுவிக்கொண்டே. நானும் அந்தச் சொல்லைச் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். ஆனால் மாதர் சங்கம் என்றவுடன் என் மனதில் வந்ததெல்லாம் ஒரே நிறச் சேலை, கோலப்போட்டி, சரஸ்வதி பூசைக்கு அவல் கடலை. அதற்கு ஒரு செயலாளர் வேண்டும், அவர் முப்பத்தெட்டு வருடம் எதையோ எழுதிக்கொண்டிருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

றங்குப்பெட்டிக்குள் இருந்த மூன்று கொப்பிகள்

ஆச்சியின் கட்டிலுக்குக் கீழே ஒரு தகர றங்குப்பெட்டி இருந்தது. 1995-இல் யாழ்ப்பாணத்தில் ஊரைவிட்டு வந்தபோது கொண்டுவந்த பெட்டி. அதற்குள்ளே உறுதிகள், பிறப்புப் பத்திரங்கள், தாத்தாவின் ஒரு வேட்டி, அவற்றுக்கு அடியில் பழைய சேலைத்துண்டால் சுற்றிய மூன்று சீ.ஆர். கொப்பிகள். முதலாவது 1957-இல் தொடங்குகிறது. மூன்றாவது 1995 ஒக்டோபர் முதலாம் திகதி ஞாயிற்றுக்கிழமையோடு நிற்கிறது.

முதல் இரவு நான் எதைத் தேடினேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரிய விஷயங்களைத் தேடினேன். எங்கள் ஊர்ப் பெண்கள் கூடிய இடமென்றால் நாட்டில் நடந்த எல்லாவற்றையும் பற்றி ஒரு வரியாவது இருக்கும் என்று நினைத்தேன். கிடைத்தது இப்படி இருந்தது: 'கூட்டம் தேவாரத்துடன் ஆரம்பமாகியது. சென்ற கூட்ட அறிக்கை வாசிக்கப்பட்டு, பிரேரித்து ஆமோதிக்கப்பட்டு ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிடியரிசி பதினொரு கொத்து. கிடாரம் ஒன்றுக்கு ஈயம் பூச வேண்டும்.' அடுத்த மாதமும் அதேதான். அதற்கடுத்த மாதமும். நாற்பது பக்கம் தாண்டியதும் கொப்பியை மூடி வைத்துவிட்டேன். மறுபடி திறக்க இரண்டு கிழமை ஆனது.

இரண்டாம் முறை அம்மாவைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசித்தேன். அப்போதுதான் அந்த வரிகள் வாய் திறந்தன. பிடியரிசி என்றால் என்னவென்று எனக்குப் பொதுவாகத் தெரியும். அம்மா அதைச் செய்து காட்டினார். உலைக்கு அரிசி அளந்து சுளகில் கொட்டியபிறகு, அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் முட்டிக்குள் போடவேண்டும். அளக்குமுன் எடுக்கக்கூடாது, அளந்ததிலிருந்துதான் எடுக்கவேண்டும். ஏனென்றால் அது வீட்டாரின் பங்கு அல்ல, சமைப்பவள் தன் வயிற்றிலிருந்து கழிக்கும் பங்கு. சனிக்கிழமை இரண்டு பேர் கடகத்தோடு வீடு வீடாக வருவார்கள். சேர்ந்த அரிசியை விற்ற காசுதான் சங்கத்தின் முதல். ஆண்களிடம் ஒரு சதம் வாங்கவில்லை. 'அப்புவுக்குத் தெரியும், ஆனால் ஒண்டும் கேக்கமாட்டார்' என்றார் அம்மா.

அந்தக் காசில் முதலில் வாங்கியது பெருஞ்சமையலுக்கு இரண்டு கிடாரங்கள். கலியாண வீட்டுக்கு வாடகை இரண்டு ரூபா, செத்தவீட்டுக்குக் காசில்லை. வாடகை சேர்ந்து ஒரு தையல் மெஷின் ஆனது. தையல் வகுப்புக் காசில் பாலர் பாடசாலைக்குக் கொட்டில் போட்டார்கள், ஆசிரியைக்கு மாதம் நாற்பது ரூபா கொடுத்தார்கள். மருத்துவமாது வந்து பிள்ளைகளை நிறுக்கும் நாளில் தராசு தொங்கவிட்டது அந்தக் கொட்டிலின் வளையில்தான். எழுபதுகளில் திரிபோஷா வந்தபோது பக்கெற்றுகளை எண்ணி வைத்துப் பிரித்துக் கொடுத்ததும் அங்கேதான். எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. 1957-இல் பொருளாளர் பெருவிரல் அடையாளம் வைத்திருக்கிறார். 1959-இல் அதே பெயருக்கு நேரே ஒரு கையெழுத்து வருகிறது, பென்சிலால் கோடு போட்டு அதன்மேல் மையால் இழுத்த கையெழுத்து. அந்த இரண்டு வருடத்துக்குள் யார் அவருக்கு எழுதப் பழக்கினார்கள் என்று கொப்பியில் இல்லை. அம்மாவுக்குத் தெரியும். பின்னேரத்தில் மாட்டுக்குப் புல்லுச் செதுக்கப் போகும் வழியில், எங்கள் வீட்டுத் திண்ணையில், ஆச்சிதான்.

நான் தேடிய பெரிய விஷயங்களும் இல்லாமல் இல்லை. அவை வேறு உடுப்புப் போட்டு வந்திருந்தன. 1961 மார்ச்சில் 'கச்சேரியடியில் இருப்பவர்களுக்குச் சோற்றுப் பார்சல் 60' என்று ஒரு வரி. கச்சேரி என்ற அரச செயலகத்தை மறித்து அப்போது நடந்த சத்தியாக்கிரகம்தான் அது, ஆனால் அந்தச் சொல்லே கிடையாது. 1983 ஓகஸ்டில், ஜூலைக் கலவரத்துக்குத் தப்பிக் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய குடும்பங்களுக்கு உடுபுடவையும் பாயும் சேர்த்த பட்டியல் இரண்டு பக்கம் போகிறது. சின்னப் பிள்ளைகளின் சட்டைகள் வயதுவாரியாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கின்றன. நான் அதை வாசித்தது அதே கொழும்பில், அந்தக் குடும்பங்கள் ஓடிப்போன அதே வெள்ளவத்தைத் தெருக்களில் ஒன்றில் இருந்துகொண்டு.

ஒன்ராறியோவிலிருந்து வந்த வைத்தியர்

இந்தக் கூட்ட நடைமுறையை ஊர்ப் பெண்களுக்கு யார் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்ற கேள்வி அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டது. தேடிப்போனால் வழி கனடாவுக்குப் போகிறது. ஒன்ராறியோ மாகாணத்தில் ஸ்டோனி கிறீக் என்ற சிற்றூர். அடிலெய்ட் ஹூட்லெஸ் என்ற பெண்ணின் கைக்குழந்தை 1889-இல் இறந்துபோகிறது. காரணம் கெட்டுப்போன பால் என்று அவர் நம்புகிறார். பண்ணையில் மாட்டை எப்படிப் பராமரிப்பது என்று ஆண்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சங்கம் இருக்கிறது, பிள்ளையை எப்படிக் காப்பாற்றுவது என்று பெண்களுக்குச் சொல்ல ஏன் ஒன்றில்லை என்று ஊர் ஊராகக் கேட்கிறார். 1897 பெப்ரவரியில் அங்கே முதலாவது கிராமப் பெண்கள் கழகம் தொடங்குகிறது. பிறகு அது உலகம் முழுக்கப் பரவியது.

அதே மாகாணத்தில் பிறந்தவர்தான் டொக்டர் மேரி ரட்ணம். 1896-இல் மிஷன் வைத்தியராக இலங்கைக்கு வந்தார். எஸ்.சி.கே. ரட்ணம் என்ற தமிழரைக் கட்டினார் என்பதற்காக மிஷன் அவரை வேண்டாம் என்றுவிட்டது. கனடாவுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. கொழும்பில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்க இங்கேயே இருந்துவிட்டார். 1909-இல் தொடங்கிய தமிழ் மகளிர் சங்கத்தில் அவருக்குப் பங்குண்டு. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1927-இல் அமைந்த சங்கத்திலும் இருந்தார். 1930-இல் லங்கா மகிலா சமித்தியைத் தொடங்கினார். கிராமத்துக்கு ஒரு சமித்தி, அதற்குத் தலைவி, செயலாளர், பொருளாளர், மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு அறிக்கை. கனடாவில் கண்ட வடிவத்தை இங்கே உள்ள கிணறு, மலசலகூடம், மலேரியா, பிள்ளைப்பேறு ஆகியவற்றுக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொண்டார். 1937-இல் பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து கொழும்பு மாநகர சபைக்கும் தெரிவானார். 1958-இல் மக்சேசே விருது கிடைத்தபோது அவருக்கு 85 வயது. இந்த வீதிகளில் தினமும் நடக்கும் எங்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? எனக்கே ஆச்சி போனபிறகுதான் தெரியவந்தது.

சரி, ஆச்சியின் சங்கம் மகிலா சமித்தியின் கிளை அல்ல. அது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று அரசாங்கத்தில் பதிந்த இன்னொரு வகை. ஆனால் கொப்பியைத் திறந்தால் நடைமுறை ஒன்றுதான்: முன் அறிக்கை, வரவு செலவு, பிரேரணை, ஆமோதிப்பு, வேறு விடயங்கள், நன்றியுரை. 1957-இல், ஆச்சி ஊர்க் கொட்டிலில் செயலாளராகத் தெரிவான அதே ஆண்டில், கிராமப் பெண்களின் சர்வதேச அமைப்பு தன் மாநாட்டை நடத்தியது இந்தக் கொழும்பில்தான். அந்தச் சேதி எங்கள் ஊருக்கு எட்டியிருக்குமோ தெரியாது. கொப்பியில் அந்த மாதம் கிடாரத்துக்கு மூடி செய்வதைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள்.

ஆச்சி பிறந்த ஆண்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 1931-இல்தான் இந்த நாட்டில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிசமமாக வாக்குரிமை வந்தது. பிரித்தானியர் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு முதலில் பெண்களுக்கு முப்பது வயதாகவேண்டும் என்றது, பிறகு அந்த வயது இருபத்தொன்றாகக் குறைக்கப்பட்டது. மருதனார்மடத்தில் 1913-இல் பெண்களுக்கென்று கல்லூரி கட்டிய சேர் பொன்னம்பலம் இராமநாதனே பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்று நின்றவர். அப்படிக் கிடைத்த வாக்கையும் யாழ்ப்பாணத்துப் பெண்களால் அந்த வருடம் போடமுடியவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள், 1934 இடைத்தேர்தல் வரை காத்திருக்கவேண்டி வந்தது. ஆச்சியின் தாய் தன் முதல் வாக்கைப் போட்டபோது ஆச்சிக்கு மூன்று வயது. அந்தத் தலைமுறைக்கு வாக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒரு புள்ளடி. சங்கத்திலோ மாதத்துக்கு ஒருமுறை கையை உயர்த்தினார்கள். கையை உயர்த்தினால் கொட்டிலுக்குக் கூரை வந்தது.

சிறிமாவோ பண்டாரநாயக்க 1960-இல் பிரதமரானபோது, அடுப்படியிலிருந்து நேரே வந்தவர் என்று பேசினார்கள். அதற்கு முன் ஏறக்குறைய இருபது வருடம் மகிலா சமித்தி வேலையாகக் கிராமம் கிராமமாக அலைந்தவர் அவர். அவருடைய ஆட்சி எங்களுக்கு என்ன செய்தது என்பதில் எனக்குக் கசப்புத்தான் அதிகம், அந்தக் கணக்கை யாரும் மறக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு பெண் சங்கத்தில் செலவழித்த இருபது வருடத்தை அனுபவம் என்றே எண்ணாத பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் செய்தேன். 'ஒன்றுமில்லை, வீட்டில்தான் இருந்தவ.'

மூன்று டசின் கோப்பைகள்

கொப்பியில் இருப்பவர்களைப் பற்றியே சொல்லிக்கொண்டு போனால் நான் பாதிதான் சொன்னவள் ஆவேன். முதல் பன்னிரண்டு வருடப் பெயர்ப் பட்டியலில், எங்கள் ஒழுங்கைக்கு மேற்கே இருந்த வீடுகளிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. ஏனென்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவர்கள் நெல்லுக் குத்த வந்தார்கள், கிடாரம் விளக்கினார்கள். கூட்டத்துக்கு வரவில்லை.

1968-இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியாரை விடாமல் வாசலில் மறித்தது எல்லோருக்கும் தெரியும். தேநீர்க்கடைகளிலும் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். 1969 தொடக்கத்தில் கொப்பியில் ஒரு வரி வருகிறது: 'புதிய அங்கத்தவர் சேர்ப்பது பற்றிய பிரேரணை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.' அடுத்த கூட்டத்திலும் ஒத்திவைப்பு. அதற்கடுத்ததிலும். நான்காவது கூட்டத்தில், அந்த மூன்று கொப்பியிலும் முதல்முறையாக, 'ஏகமனதாக' என்ற சொல் இல்லை. ஆதரவு 14, எதிர்ப்பு 9. அதற்குக் கீழே இன்னொரு தீர்மானம்: 'ஒரே மாதிரியான கோப்பை மூன்று டசின் வாங்குவது. ரூபா 27.00.' அவ்வளவுதான்.

நான் அதைப் பாத்திரச் செலவு என்று தாண்டிப் போய்விட்டேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்தக் காலத்தில் தேத்தண்ணி யாருக்கு எதில் கொடுப்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முறை இருந்தது. சிலருக்குக் கோப்பை, சிலருக்கு மூக்குப்பேணி, சிலருக்குச் சிரட்டை. வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுவந்து கொடுக்கும் வரை அந்த முறை கூட்டத்துக்குள்ளும் வந்துவிடும். சங்கமே ஒரே மாதிரிக் கோப்பை வாங்கிவிட்டால், தட்டில் எந்தக் கோப்பை யாருக்கு என்று சொல்லமுடியாது. அதைப் பிரேரித்தவர் பெயர் கொப்பியில் இருக்கிறது. ஆச்சி இல்லை, தலைவி. ஆமோதித்தவர் ஆச்சி. அம்மாவுக்கு அப்போது பதினைந்து வயது, தட்டைப் பிடித்துக்கொண்டு போனவர் அவர்தான். வெள்ளைக் கோப்பை, விளிம்பில் நீலக் கோடு. முதல் நாள் ஐந்து பேர் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அவர்கள் திரும்பி வரவேயில்லை. மிச்சக் கோப்பைகளை ஆச்சி தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார் என்று அம்மா சொன்னார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ஒரே தண்ணீரில்.

இதனால் எங்கள் ஊர் திருந்திவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். கிணறு அப்புறமும் பல வருடம் வேறு வேறாகத்தான் இருந்தது. கோப்பைத் தீர்மானத்துக்குக் கை உயர்த்திய பதினான்கு பேர் வீட்டிலும் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு ஊகம் உண்டு. ஆனால் அந்தப் பக்கத்தை வாசித்த பிறகு கிடாரத்துக்கு ஈயம் பூசும் வரிகளைக்கூட என்னால் அவசரமாகத் தாண்டமுடியவில்லை.

பின்பக்கம்

கடைசிக் கூட்டம் 1995 ஒக்டோபர் 1. வந்தவர்கள் 29 பேர். வாணி விழாவுக்குப் பாலர்களின் பாட்டு, கொட்டில் கூரைக்குக் கிடுகு, நன்றியுரை. 'அடுத்த கூட்டம் நவம்பர் 5 ஞாயிறு பி.ப. 4 மணிக்கு.' ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறிவர, எங்கள் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மழை, இருட்டு, செம்மணி வெளியில் அசையமுடியாத சனம். ஆச்சிக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. அம்மா சொல்லித்தான் தெரியும், புறப்படுமுன் ஆச்சியும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து இரண்டு கிடாரங்களையும் கயிறு கட்டிக் கோயில் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுத்தான் வந்தார்களாம். கொப்பி மூன்றும் சங்கத்துக் காசும் றங்குப்பெட்டிக்குள். பெட்டி சைக்கிள் கரியரில்.

கொப்பி அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு மாலை அதைச் சேலைத்துண்டில் திரும்பச் சுற்றும்போது தலைகீழாகப் பிடித்துவிட்டேன். பின்னட்டை திறந்தது. பின்பக்கத்திலிருந்தும் எழுதியிருந்தது.

தலைப்பு: 'கையிருப்புப் பங்கீடு.' அதற்குக் கீழே, 'கையிருப்பு ரூபா 3060.00. அங்கத்தவர் 34. ஒருவருக்கு ரூபா 90.00.' பிறகு அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட நான்கு நிரல்கள்: பெயர், இடம், திகதி, கையொப்பம். முதல் திகதி 1996 தை, இடம் சாவகச்சேரி. அப்புறம் கிளிநொச்சி, வவுனியா, கொழும்பு, கொழும்பு, திருகோணமலை. கூடிப் பேச ஆள் இல்லை, பிரேரிக்க ஆமோதிக்க ஆள் இல்லை. அதனால் சங்கத்தின் காசை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். கலியாண வீட்டில், கோயில் திருவிழாவில், ஆஸ்பத்திரி வரிசையில். 2004-இல் ஒரு வரியில் கையொப்பம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நீலக் கடிதத் துண்டு ஒட்டியிருக்கிறது. 'அக்கா, நீங்கள் கொடுத்துவிட்ட தொண்ணூறு ரூபாவும் கிடைத்தது. இதை வைத்து நான் இஞ்சை என்ன செய்யிறது, சாமிப்படத்துக்கு முன்னால வைச்சிருக்கிறன்.' இடம்: ஸ்காபரோ, ஒன்ராறியோ. சில வரிகளில் 'காலமானார், மகளிடம் கொடுக்கப்பட்டது' என்று இருக்கிறது. கடைசித் திகதி 2016. அப்போது ஆச்சிக்கு எண்பத்தைந்து.

எட்டுச்செலவுக்கு வந்து அழுத அந்த அம்மாவின் பெயர் பதினாறாவது. 1998, கொழும்பு. மகனுக்குத் தொலைபேசி எடுத்து அவரோடு பேசினேன். வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது ஆச்சி கண்டு, அங்கேயே கைப்பையைத் திறந்து தொண்ணூறு ரூபாவை எடுத்தாராம். 'நான் வேண்டாம் எண்டனான். சங்கத்துக் காசு, வேண்டாமெண்டு சொல்ல உனக்கு உரிமையில்லை எண்டு ஏசினவ. கையெழுத்து வைக்க வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் தேத்தண்ணியும் தந்தவ.'

நான் அந்தக் காலத்தில் அதே வீட்டில்தான் இருந்தேன். பள்ளிக்கூடம், வகுப்பு, பரீட்சை என்று ஓடிக்கொண்டிருந்தேன். ஆச்சியைத் தேடி யாரோ ஒரு வயதுபோன ஆள் வந்து போகிறார் என்பதற்கு மேல் நான் ஒன்றும் கவனிக்கவில்லை.

இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்த நாட்களில் வன்னியிலிருந்து ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் வந்திருந்தார். போருக்குப் பிறகு நுண்கடன் எடுத்துச் சிக்குப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஐந்து பெண்கள் ஒரு குழு, ஒருத்திக்கு மற்ற நால்வர் பிணை. கிழமைக்குக் கிழமை கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவளுக்கு முன்னால் குந்தியிருக்கவேண்டும். 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான கடனை அரசாங்கம் தள்ளுபடி செய்யுமளவுக்கு அது முற்றிப்போனது. அக்காவிடம் ஆச்சியின் கொப்பியைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, 'நாங்களும் கூட்டம் வைச்சனாங்கள், நாங்களும் கையெழுத்து வைச்சனாங்கள். ஆனால் கொப்பி எங்களிட்ட இருக்கேல்லை' என்றார். இதற்கு மேல் அந்த விஷயத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

கையொப்பம் உள்ளவை 27. வெறுமையாக உள்ளவை 7. றங்குப்பெட்டியின் மூடிப் பக்கத்துப் பைக்குள் ஒரு கடித உறை இருந்தது. அதற்குள் ஒரு ஐந்நூறு, ஒரு நூறு, மூன்று பத்து. கூட்டிப் பாருங்கள், 630. 2022-இல் விலைகள் ஏறி, மருந்துக்கும் சமையல் காஸுக்கும் நாங்கள் அல்லாடியபோதும் அந்த உறை ஆச்சியின் தலைமாட்டுக்குக் கீழேதான் இருந்திருக்கிறது.

அந்த ஏழு பெயர்களையும் இங்கே எழுதமாட்டேன், அவர்களைக் கேட்காமல் போடுவது சரியில்லை. ஒருவர் கொட்டாஞ்சேனையில் மகளோடு இருக்கிறார் என்று பதினாறாவது அம்மா சொன்னார். போன மாதம் ஒரு ஞாயிறு, புறக்கோட்டையில் இறங்கி மற்றப் பஸ் எடுத்துப் போனேன். ஐந்நூறு ரூபாவை மாற்றித் தொண்ணூறு ரூபாவைத் தனியாக எடுத்து வைத்திருந்தேன். கொப்பியையும் கொண்டுபோனேன்.

எழுபதுகளின் தொடக்கத்துப் பட்டியலில் முதல்முதலாக வரும் பெயர் அவருடையது. ஒழுங்கைக்கு மேற்குப் பக்கம். கண் ஒன்று சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கிறது. ஆச்சியின் பெயரைச் சொன்னதும் எழும்பி இருந்தார். காசை நீட்டினேன். மகள் சிரித்துக்கொண்டு, 'இதுக்கு இப்ப ஒரு இறாத்தல் பாண்கூட வராது தங்கச்சி, இதுக்காகவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?' என்றார். அந்த அம்மா மகளுக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு ஐம்பது, இரண்டு இருபது. ஒவ்வொன்றாக விரலால் தடவி எண்ணினார். இடுப்பில் முடிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, 'கிடாரம் ரெண்டும் இன்னும் கிணத்துக்கதானோ கிடக்குது, பிள்ளை?' என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். போய்ப் பார்க்கிறேன் என்றேன்.

'பார்த்துச் சொல்லு' என்றுவிட்டு, கொப்பியைத் தன் மடிக்கு இழுத்தார். நான் திகதியை எழுதி, கையொப்ப நிரலில் விரலை வைத்துக் காட்டினேன். நடுங்கிய கையால், எழுத்தெழுத்தாக, முழுப்பெயரையும் எழுதினார். இடம் போதாமல் கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போனது.